சக்கரமும் சாலையும் – வாசகர் கேள்வி பதில்: காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தனித்தனியே பதில் சொன்னால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதால், இவ்விதழில் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

செம்பவாங் வாசகர்: எங்களுடையது தரைவீடு; வாசலில் கூரையோடு கூடிய இடம் இருக்கிறது. என்னுடைய ஹோண்டா ஜாஸ் காருக்கு 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு செட் வாங்கிவிட்டேன். ஜாக், ஸ்பேனர்கள் எல்லாம் உண்டு. ஸ்பிரிங்கை அழுத்தும் கம்ப்ரஸரை இணையத்தில் வாங்கலாம் என்றிருக்கிறேன். நானும் தம்பியும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிட முடியுமா?

பதில்: முக்கால்வாசி வேலையை நீங்கள் இருவரும் தாராளமாகச் செய்யலாம்; மீதிக் கால்வாசியைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் வீட்டில் மாற்றலாம். ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டுகளைக் காரிலிருந்து இறக்குவதையும் திரும்பப் பூட்டுவதையும்கூட வீட்டில் செய்யலாம். ஆனால் இறக்கிய ஸ்ட்ரட்டிலிருந்து பழைய ஸ்பிரிங்கைப் பிரித்தெடுக்கும் ஒரே ஒரு வேலைக்கு, அதைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று அங்கே பொருத்தப்பட்டிருக்கும் அழுத்து இயந்திரத்தில் வைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முதலில் பின்பக்கம். உங்கள் காரின் பின்னச்சு டார்ஷன் பீம் வகை, அதாவது இரு பின்சக்கரங்களையும் ஒரே உத்தரம் இணைப்பது. அதில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் அப்சார்பர் வேறோரிடத்திலும் தனித்தனியே நிற்கின்றன. காரின் பின்பகுதியைத் தூக்கியவுடன் கைப்பிரேக்குக்கு வேலையில்லாமல் போய்விடும் என்பதை மறவாமல், கியரை ‘பி’யில் வைத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, காரை இரண்டு ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்ட வேண்டாம். காரோடு வரும் கத்தரி ஜாக் டயர் மாற்றுவதற்கு உரியது, இந்த வேலைக்கு உரியதன்று. சக்கரங்களைக் கழற்றியபின், இன்னொரு ஜாக்கைப் பீமுக்கு அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு, இரண்டு அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளையும் கழற்றிப் பீமை மெல்ல மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் தன் இறுக்கம் முழுவதையும் இழந்து கையோடு வந்துவிடும். இறக்கும்போது தம்பியின் வேலை ஒன்றே ஒன்று: பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் விறைக்கின்றனவா என்று கண்கொட்டாமல் பார்ப்பது. பழைய ஸ்பிரிங்கின் மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகளைப் புதியதற்கு மாற்றி, சுருளின் நுனி இருக்கையில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்கும்படி வையுங்கள். நுனி ஒரு விரல் அளவு தள்ளி நின்றாலும் முதல் வேகத்தடையிலேயே ‘டக்’ என்ற சத்தம் கேட்கத் தொடங்கும்.

இப்போது பலரும் தவறவிடும் ஓர் இடத்துக்கு வருகிறேன். அப்சார்பரின் கீழ் முனையில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள இரும்புக் குழலைப் போல்ட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும்; வெளிவளையம் அப்சார்பரோடு சேர்ந்தது; இரண்டுக்கும் இடையே ஒட்டப்பட்ட ரப்பர், சுழலாமல் முறுக்கிக்கொள்வதன் மூலமாகவே அசைவுக்கு இடம் கொடுக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அந்தப் போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், கார் தரையில் அமர்ந்தவுடன் ரப்பர் முறுக்கப்பட்ட நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டியதாகி, விரைவில் கிழிந்துபோகும். ஆகவே போல்ட்டை முதலில் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, பீமுக்கு அடியிலுள்ள ஜாக்கை உயர்த்தி, காரின் எடை ஸ்டாண்டிலிருந்து சற்றே விடுபடும் தறுவாயில், அதாவது சக்கரம் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்தில் வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுதி இறுக்கம் கொடுங்கள். உங்கள் காருக்கு இந்தக் கவனம் ஓரிரு போல்ட்டுகளோடு முடிந்துவிடும்; பின்பக்கம் பல இணைப்புக் கைகள் கொண்ட கார்களில் தளர்த்திய ஒவ்வொரு கைக்கும் இதே முறை பொருந்தும். பட்டறைகளிலும் அவசரத்தில் இதைச் செய்யாமல் விடுவதுண்டு என்பதால், வீட்டில் நிதானமாகச் செய்பவருக்கு இந்த ஓரிடத்தில் பட்டறையைவிட நல்ல வேலை செய்யும் வாய்ப்பு இருக்கிறது.

முன்பக்கம் வேறு கதை. அங்கே மக்ஃபர்சன் ஸ்ட்ரட்; அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அழுத்தப்பட்டு, மேலே ஒரு நட்டினால் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டெபிலைசர் இணைப்புக் கம்பி, பிரேக் குழாயின் பிடிப்பு, ஏபிஎஸ் ஒயர் ஆகியவற்றை விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் கீழ் போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன், அவை நின்ற இடத்தைச் சுற்றிப் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளிகூடச் சக்கரத்தின் சாய்வை மாற்றும். போல்ட்டு வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்புறமாகச் சாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை அதன் உள் மூட்டிலிருந்து இழுத்துவிடக்கூடும். அதை ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். மேலே போனெட்டுக்குள் இருப்பவற்றில், எந்த நட்டு ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிணைக்கிறது, எந்த நட்டு ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்யாமல் எதிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஸ்பிரிங்கை அடக்கும் நட்டை அழுத்து கருவி இல்லாமல் கழற்றுவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான விபத்து.

எவ்வளவு மோசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் அழுத்த 25 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் ஒன்றை 100 மில்லிமீட்டர் அழுத்துவதாக வைத்துக்கொண்டால், அது திருப்பித் தள்ளும் விசை 2500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 255 கிலோ எடை. அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் 125 ஜூல். சுமார் 13 கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன அடி அடிக்குமோ அந்த அடி, முகத்துக்கு நேரே காத்திருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இரட்டைக் கம்பி கம்ப்ரஸரில் இந்த விசை முழுவதையும் இரண்டு கொக்கிகளும் இரண்டு திருகுமறைகளும் தாங்குகின்றன. கொக்கி சுருளின் சரிவில் வழுக்கினால், ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்துகொண்டு வெளியேறும். புதிய ஸ்பிரிங் குட்டையானது. பூட்டுவதற்கு அதிக அழுத்தம் கேட்காது. ஆபத்தெல்லாம் பழையதைப் பிரிக்கும்போதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்ரஸரைப் பயன்படுத்தியே தீருவது என்றால், கொக்கிகளை ஒன்றுக்கொன்று நேரெதிரே மாட்டி, திருகுமறையில் கிரீஸ் தடவி, இரு பக்கத்தையும் மாறிமாறிச் சிறிது சிறிதாகக் கைக்கருவியால் முடுக்குங்கள். காற்றுத் துப்பாக்கி வேண்டாம். ஸ்பிரிங் தன் இருக்கைகளுக்கு இடையில் கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். ஸ்ட்ரட்டின் முனை யாரையும் நோக்கி இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங், ஊபி வட்டாரங்களில் கழற்றிக் கொண்டுவரும் ஸ்ட்ரட்டுக்கு ஸ்பிரிங் மாற்றித் தரும் பட்டறைகளைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பல பட்டறைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள். உங்கள் கார் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும் ஆதலால், இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் கொண்டுபோக வேறொரு வண்டி தேவைப்படும். இதை யோசிக்காமல் தொடங்கிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு டாக்சிக்குக் கை காட்டி நிற்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் பூட்டிய பின் சக்கர நட்டுகளை 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் ஒரே சீராக அமர்ந்திருக்கிறதா என்பதை அறிய, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, தொடங்குவதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் போதும். சில நாள் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு சக்கர அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது, கட்டாயம். ஏன் என்பதை வேறொரு வாசகருக்குச் சொல்லும் பதிலில் விளக்கியிருக்கிறேன்.

பொங்கோல் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம் இரவில் காலியாகவே கிடக்கிறது. அங்கே வைத்து இதே வேலையைச் செய்தால் என்ன?

பதில்: செய்யக் கூடாது. வீவக வாகன நிறுத்துமிடங்கள் பழுதுபார்ப்புக்கு உரிய இடங்கள் அல்ல. விதியை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், மழைநீர் வடிவதற்காகச் சற்றே சரிவாகக் கட்டப்பட்ட திறந்த தளத்தில், வெளிச்சம் போதாமல், பாதிப் பிரித்த காரை விட்டுவிட்டு அடுத்த நாள் பார்க்கலாம் என்று போகவும் முடியாத நிலையில் இந்த வேலையைத் தொடங்குவது விவேகமன்று. கூட்டுரிமை வீட்டில் இருப்பவர்களும் நிர்வாகத்தைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சொந்த வாசல் இல்லாதவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு, வேலை முழுவதையும் பட்டறையிடம் ஒப்படைத்து, பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது. அப்சார்பரின் கீழ் போல்ட்டை எப்போது இறுக்குகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஜூரோங் வாசகர்: புது ஸ்பிரிங் எதற்கு, இருப்பதில் ஒன்றரைச் சுற்றை வெட்டிவிட்டால் அதே உயரம் கிடைக்கும் என்கிறார் நண்பர். ஐபாக், டெய்ன் என்று பெயருக்குத்தான் காசா?

பதில்: உயரம் கிடைக்கும், அதோடு கிடைப்பவற்றைத்தான் நண்பர் சொல்லவில்லை.

ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை குறையக் குறையவும் கூடுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால், மற்றவை மாறாதபோது, விறைப்பு 38 விழுக்காடு ஏறிவிடும். தாழ்த்தும் ஸ்பிரிங்கை வடிவமைப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான், கார் தாழ்ந்ததால் குறைந்துபோன அசைவுத் தூரத்துக்குள் சக்கரத்தை அடக்குவதற்கு எவ்வளவு விறைப்பு வேண்டும், அதில் எவ்வளவு விறைப்பைச் சுருள்கள் நெருங்கிய பிறகு மட்டும் காட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். வெட்டினாலும் விறைப்பு ஏறும். ஆனால் எவ்வளவு ஏற வேண்டும் என்று எவரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் நுனியில் இருக்கிறது. பல ஸ்பிரிங்குகளின் கடைசிச் சுற்று, இருக்கையில் தட்டையாக அமர்வதற்காகவோ உள்நோக்கிச் சுருங்குவதற்காகவோ தனியாக வடிவம் கொடுக்கப்பட்டது. அதை அறுத்துவிட்டால் வெட்டுமுனை இருக்கையின் ஒரு புள்ளியில் குத்திக்கொண்டு நிற்கும். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாகிவிடுவதால், சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையைவிட்டு விலகவும், திரும்பி வரும்போது வேறிடத்தில் அமரவும் வாய்ப்புண்டு. வாயு விளக்கால் சூடுகாட்டி அமுக்குவது இன்னும் மோசம். எஃகுக்குக் கொடுத்திருக்கும் பதம் சூடுபட்ட இடத்தில் போய்விடும், பின்னாளில் அங்கேயே முறியும். ஐபாக் 1951 முதல் ஜெர்மனியில் இயங்கும் நிறுவனம், டெய்ன் ஜப்பானியது. பெயருக்கும் காசு வாங்குகிறார்கள்தான், ஆனால் உங்கள் கார் மாதிரிக்கென்று கணக்கிட்ட ஒரு பொருளையும் சேர்த்தே தருகிறார்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் போலியா என்று ஐயப்படுங்கள்.

கிளமெண்டி வாசகர்: 25 மில்லிமீட்டர் தாழ்த்துவதா, 50 தாழ்த்துவதா என்று வீட்டில் வாக்குவாதம். தாழ்த்தத் தாழ்த்தக் கார் வளைவுகளில் நன்றாக நிற்கும் என்பது உண்மைதானே?

பதில்: ஓரளவு வரை மட்டும் உண்மை. எடையின் மையம் தாழ்ந்தால் வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் சுமை குறைகிறது, அது நன்மை. ஆனால் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில், உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளியும் சேர்ந்தே தாழ்கிறது. அதுவும் எடையின் மையத்தைவிட வேகமாகத் தாழ்கிறது. சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க்கையின் வெளிமுனை, உடலோடு சேரும் உள்முனையைவிட மேலே போய்விட்ட காரைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் இது புரியும். எடையின் மையத்துக்கும் அந்தக் கற்பனைப் புள்ளிக்கும் இடையேயுள்ள தூரம் கூடுவதால், அதே வளைவில் உடலைச் சாய்க்கும் முறுக்கு முன்னைவிட அதிகமாகிறது. அதை ஈடுகட்டத்தான் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது. ஆக, 50 மில்லிமீட்டர் தாழ்த்தியவர் விறைப்பில் ஒரு பகுதியை, தாழ்த்தியதால் தானே உண்டாக்கிய குறையைச் சரிக்கட்டச் செலவிடுகிறார்.

அப்சார்பரின் பார்வையிலிருந்தும் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த அப்சார்பரின் தண்டுக்கு மேலே ஏற இவ்வளவு, கீழே இறங்க இவ்வளவு என்று தூரம் வகுக்கப்பட்டிருக்கிறது. 50 மில்லிமீட்டரை ஏறும் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது சொற்பம். பழைய அப்சார்பரோடு போகிறவர்கள் 25 முதல் 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போக வேண்டுமானால் குட்டையான அப்சார்பரும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தபின் வாக்குவாதம் தானே தணியலாம்.

தெம்பனிஸ் வாசகர்: இப்படித் தாழ்த்துவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டுமா? வாகனச் சோதனையில் நிறுத்திவிடுவார்களா?

பதில்: வாகன மாற்றங்களை ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற்ற பிறகே செய்யத்தக்கவை, அறவே கூடாதவை. ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் பற்றிய பகுதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்; கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதிமொழி, அதிகாரி காரை நிறுத்திக் கேட்கும்போது உதவாது.

சோதனையைப் பொறுத்தவரை, 3 ஆண்டு நிறைந்த கார்கள் 10 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் போக வேண்டும். அங்கே காரை மெல்ல ஒரு தகட்டின்மேல் ஓட்டி, சக்கரங்கள் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகின்றன என்று பார்ப்பார்கள். அடிப்பாகத்தையும் முகப்பு விளக்கின் திசையையும் பார்ப்பார்கள். தாழ்த்திய பின் அலைன்மென்ட் செய்யாத கார் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

எல்லாரும் மறந்துவிடுவது காப்புறுதி நிறுவனத்தை. மாற்றத்தைச் செய்தவுடன் எழுத்துமூலம் தெரிவித்து, அவர்களின் பதிலைப் பாதுகாத்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போது அறிவிக்கப்படாத மாற்றம் தென்பட்டால், இழப்பீட்டில் சிக்கல் எழ அதுவே போதும்.

ஈசூன் வாசகி: என் மகன் எங்கள் காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னிருக்கையில் தூக்கிப்போடுகிறது. என் மாமியாருக்கு 78 வயது. மருத்துவமனைக்குப் போய்வருவதற்குள் முதுகு பிடித்துக்கொள்கிறது என்கிறார். மகனோ, ‘கொஞ்ச நாளில் பழகிவிடும், அம்மா’ என்கிறான். பழகுமா?

பதில்: பழகாது, அம்மா. உங்கள் மாமியார் சொல்வதைக் காரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டுமே காரணமாக இருந்தால், கார் எப்போதும் ஒரே சீராகக் கடினமாக இருக்கும். மேட்டில் மட்டும் திடீரென்று தூக்கிப்போடுகிறது என்றால், அப்சார்பரின் தண்டு, பயணத்தின் கடைசியில் அடியைத் தாங்கக் காத்திருக்கும் ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது என்று பொருள். பின்னால் ஆட்கள் அமர்ந்தவுடன் கார் இன்னும் தாழ்ந்துவிடுவதால், ஓட்டுநருக்குத் தெரியாத அந்த அடி பின்னிருக்கைக்குத் தெரிகிறது.

மகனிடம் இந்தச் சிறு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பின் அப்சார்பரின் தூசு மூடியை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டின் அடியில், உடற்பகுதியை ஒட்டினாற்போல, ஒரு பிளாஸ்டிக் கட்டுவாரை வழுகும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து வழக்கமான பாதையில் ஒருமுறை போய்வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை அந்தக் கட்டுவார் நகர்ந்து நிற்கும் இடம் காட்டிவிடும். அது ரப்பர் தடுப்பு வரை தள்ளப்பட்டிருந்தால் வாதத்துக்கே இடமில்லை. ஸ்பிரிங் உற்பத்தியாளர் ரப்பர் தடுப்பை இவ்வளவு குறைக்க வேண்டும் என்று கையேட்டில் சொல்லியிருந்து, மகன் அதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். அதை முதலில் பார்க்கட்டும். அது காரணமில்லை என்றால், பின்பக்கத்துக்கு மட்டும் பழைய ஸ்பிரிங் என்ற அரைகுறைத் தீர்வுக்குப் போகாமல், நான்கையும் பழையபடி மாற்றுவதோ, குறைவாகத் தாழ்த்தும் வேறு செட்டுக்கு மாறுவதோ மேல். அதுவரை மாமியாரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். சக்கரத்துக்கு நேர் மேலே அமரும் பின்னிருக்கையைவிட அங்கே அடி குறைவு.

உட்லண்ட்ஸ் வாசகர்: தாழ்த்தி அரை ஆண்டு ஆகிறது. முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. கேம்பர் அதிகமானதுதான் காரணம் என்று கடையில் சொன்னார்கள். எதிரே வருபவர்களும் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள்.

பதில்: கேம்பர் எனப்படும் உட்சாய்வு சற்றுக் கூடியிருக்கும் என்பது சரி, ஆனால் டயரை இவ்வளவு வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. காரைத் தாழ்த்தும்போது ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறி, சக்கரம் தானாகவே திரும்பிவிடுகிறது. ஒரு சக்கரம் வெறும் 0.2 பாகை திரும்பி நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது; 10,000 கிலோமீட்டர் ஓடினால் 35 கிலோமீட்டர் தூரம் டயரைத் தாரில் தேய்த்ததற்குச் சமம். உட்சாய்வும் சேர்ந்திருப்பதால் அந்தத் தேய்மானம் முழுவதும் உள்விளிம்பில் விழுகிறது. அலைன்மென்ட் செய்யும்போது, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். டோ சரியாகி, கேம்பர் மட்டும் அளவு மீறி நின்றால், நக்கிளில் பொருத்தும் சரிக்கட்டு போல்ட்டு உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். தேய்ந்த டயரைத் திருப்பிப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் உள்விளிம்பு மொட்டையான டயர், தேவைப்படும் நொடியில் பிடிக்காது.

விளக்குக்கும் இதுவே அடிப்படை. தானே உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் விளக்குள்ள கார்களில், அச்சின் அசைவை அளக்கும் சிறு கம்பியும் உணரியும் இருக்கும். கார் தாழ்ந்ததை அந்த உணரி ‘பின்னால் சுமை ஏறியிருக்கிறது’ என்றோ ‘முன்புறம் குனிந்திருக்கிறது’ என்றோ தவறாகப் படித்து, விளக்கை இறக்கவோ ஏற்றவோ செய்யும். பட்டறையின் கணினியை இணைத்துப் புதிய உயரத்தைப் பூஜ்யமாகப் பதிவுசெய்ய வேண்டும். கண்ணாடியில் கேமரா வைத்துத் தடம் பார்க்கும் கார்களில், அந்தக் கேமராவையும் மறுசீரமைக்க வேண்டுமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: எங்கள் அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் ஏற்றம் முடியும் முகட்டில் அடிவயிறு உரசுமா என்பதை முன்கூட்டியே கணிக்க வழியுண்டா?

பதில்: உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் இடையேயுள்ள தூரம் 2700 மில்லிமீட்டராகவும், அவற்றின் நடுவே தரையிலிருந்து உயரம் 140 மில்லிமீட்டராகவும் இருக்கும் கார், ஏறக்குறைய 12 பாகை முகட்டைத் தொடாமல் கடக்கும். அதையே 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 9 பாகைக்குச் சற்று மேல். ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு சமதளத்தில் முடியும் இடம் ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை; ஆகத் தாழ்த்திய கார் அதில் உரசும் நிலைக்கு வந்துவிடுகிறது, நான்கு பேர் ஏறினால் நிச்சயம் உரசும். முகடு உருண்டையாகக் கட்டப்பட்டிருந்தால் தப்பிக்கலாம். பாலம் தாண்டி மலேசியக் கிராமச் சாலைகளுக்கு அடிக்கடி போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்குள்ள வேகத்தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டுக் கட்டப்பட்டவை போலத் தோன்றுவதில்லை.

அங் மோ கியோ வாசகர்: கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். முன் இடம், முன் வலம் என்று ஒவ்வொன்றிலும் எழுதி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, காரைப் பதிவுநீக்கம் செய்யும்வரையோ விற்கும்வரையோ வைத்திருங்கள். சோதனையில் ஏதேனும் சொன்னாலும், வாங்க வருபவர் பழைய உயரத்தில் கேட்டாலும், அந்த நான்கும் தேவைப்படும். பின்பக்க ரப்பர் இருக்கைகள் வெடித்திருந்தால் அவற்றை மட்டும் இப்போதே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.